கிளியர் பண்ணினது எதை?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தது:

"பரந்தனில் ஒரு அலுவலகத்தில் இரண்டு படிவம் தந்தார்கள். இரண்டிலும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல், 'கிளியரன்ஸ்'. தமிழில் ஒன்றில் 'காணி துப்புரவாக்கல்', மற்றதில் 'மிதிவெடி அகற்றல்'. கிளியர் என்றால் தெளிவு என்றுதானே படித்தோம்? தெளிவுக்கும் அகற்றலுக்கும் என்ன சம்பந்தம்? மொழிபெயர்த்த ஆள் பிழை விட்டுவிட்டார் என்பது என் கட்சி."

09.01.2024

பிழை இல்லை. அந்த மாதிரிப் படிவங்களோடு சில வருடம் கிடந்து உழன்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் 'மேசையைக் கிளியர் பண்ணு' என்பார்கள். 'கோப்பைகளைக் கிளியர் பண்ணு' என்றும் சொல்வார்கள். வேலை ஒன்றுதான். ஆனால் முதலாவதில் செயப்படுபொருள் மிஞ்சி நிற்கும் பொருள், இரண்டாவதில் போய்விடும் பொருள். மேசை அங்கேயே இருக்கும், கோப்பை குசினிக்குப் போகும். தமிழில் இதற்கு ஒரே வினை போதாது. மேசையைத் துப்புரவாக்கலாம், கோப்பையை எடுக்கலாம். கோப்பையைத் துப்புரவாக்கினால் அது கழுவுகிற வேலை, மேசையை எடுத்தால் அது களவு.

ஆகவே காணி என்றால் துப்புரவாக்கல், மிதிவெடி என்றால் அகற்றல். மொழிபெயர்த்தவர் கெட்டிக்காரர்.

மூலம் கேட்டால், இலத்தீனில் 'கிளாருஸ்', வெளிச்சமான என்று பொருள். அதிலிருந்து தெளிவு, தெளிவிலிருந்து துப்புரவு. அவ்வளவுதான் கதை.

09.01.2024, இரவு

கெட்டிக்காரர் என்று எழுதிவிட்டுப் படுத்தால் நித்திரை வரவில்லை. அந்த இடத்தில் தடுக்கி விழுந்தவனே நான்தான்.

2012 இல் மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பு வேலை. இலங்கையின் வடக்கே, பளைக்குக் கிழக்கே ஒரு காணியைக் கையளிக்கப் போனோம். ஆங்கிலப் படிவத்தில் 'இந்தக் காணி கிளியர் பண்ணப்பட்டுள்ளது' என்ற ஒரு வசனம். முதல் நாள் முழுக்க 'அகற்றல்', 'அகற்றப்பட்டது' என்றே தட்டச்சு செய்த கை. 'இந்தக் காணி முழுமையாக அகற்றப்பட்டுள்ளது' என்று அடித்துவிட்டேன். அச்சாகி, முத்திரை குத்தி, கிராம சேவகரும் கையெழுத்து வைத்தாயிற்று. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

காணிக்கார ஆச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"என்ன தம்பி, காணியை அகற்றிப் போட்டியளோ? எங்க கொண்டுபோய் வச்சிருக்கிறியள்?"

சுற்றி நின்ற பெடியள் எல்லாம் சிரிப்பு. ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, காணி என்றால் இல்லாமல் போகிற சாமான் என்று அவவுக்குப் பழகியிருந்தது. படிவத்தைத் திருப்பி அடித்து இரண்டு கிழமை கழித்துக் கொண்டுபோனேன்.

11.01.2024

முதல் குறிப்பில் ஒரு பிழை. 'கிளாருஸ்' என்றால் வெளிச்சம் என்று அடித்து விட்டிருக்கிறேன். அது பாதிதான், அதுவும் பிந்திய பாதி.

அந்தச் சொல் முதலில் சத்தத்துக்கு உரியது. ஓங்கிக் கேட்கிற, தூரத்துக்கும் எட்டுகிற குரல்தான் 'கிளாருஸ்'. கூப்பிடு, கத்து என்று பொருள்பட்ட பழைய வேரொன்றிலிருந்து வந்தது. உரிமை கோருவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கிளெயிம்', கூச்சலைக் குறிக்கும் 'கிளாமர்' (சினிமாக் கவர்ச்சி அல்ல, அது வேறு சொல்) எல்லாம் ஒரே குடும்பம். காதுக்குத் துலக்கமானது கண்ணுக்கும் துலக்கமானதாகி, பிறகு பெயர்பெற்ற ஆளையும் அப்படிச் சொன்னார்கள். பழைய பிரெஞ்சு வழியாக 1300 அளவில் ஆங்கிலத்துக்குள் பெயரடையாக வந்தது. வினையானது 14 ஆம் நூற்றாண்டில்.

ஆகவே மேசை துடைக்கிற வேலை இந்தச் சொல்லின் கடைசிப் பிள்ளை. மூத்தது, கேட்கும்படி சொல்வது. 'டிக்ளேர்' என்று பிரகடனத்துக்குச் சொல்கிறார்களே, அதற்குள் ஒளிந்திருப்பதும் இதே கிளாருஸ்தான்.

15.01.2024

பொங்கல் அன்றைக்கும் விடவில்லை. ஒருவர் தனியாக எழுதிக் கேட்கிறார்: 'கிளியர்' என்பது தமிழ்ச் சொல் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களின் பெயருக்கு முன்னால் 'கிளி/' என்று போடுகிறோம். ஊரில் இருப்பவர் ஊரார் என்றால் கிளியில் இருப்பவர் கிளியர். 'ரோட் கிளியர்' என்றால் ரோட்டில் கிளிநொச்சி ஆட்கள் நிற்கிறார்கள்.

இதற்குப் பதில் இல்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

மருமகள் பிள்ளைக்குப் பொங்கலை விட டொபிதான் பெரிது. உறையில் 'எக்ளெயர்' என்று இருந்தது. அதுவும் இந்தக் குடும்பம்தான் பிள்ளை, பிரெஞ்சில் மின்னல் என்று அர்த்தம், உள்ளே இருப்பது அதே 'கிளாருஸ்' என்று தொடங்கினேன். நான் 'உள்ளே' என்று சொல்லி முடிக்க முதல் டொபி வாய்க்கு உள்ளே.

20.01.2024

'கிளியர்', 'கிளீன்' இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, நம்முடைய காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். பிறப்பில் ஒட்டு உறவில்லை. கிளீன் இலத்தீனிலிருந்து வந்ததில்லை, ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல். ஜேர்மன் மொழியில் சின்ன என்று பொருள்படும் 'கிளைன்' அதன் சகோதரம்.

வேலைத்தளத்தில் இந்த வித்தியாசம் விளையாட்டில்லை. காணிக்குள் மிதிவெடி தேடுகிறவர்கள் முதலில் பற்றையை வெட்டுவார்கள். பிறகு ஒரு மீற்றர் அளவு அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்பு, வெயில் தலையைப் பிளக்க, அங்குலம் அங்குலமாக முன்னால் போவார்கள். நம்முடைய பக்கத்து மணலுக்கு ஏற்றதென்று இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்கிற முறையும் இருக்கிறது. அது இலங்கையில் உருவான முறை. பெண்கள் நிறையப் பேர் அந்த வேலையில். குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர்கள் பலர். பி-4 என்கிற சின்ன வெடி, ஜொனி என்கிற பலகைப் பெட்டி வெடி எல்லாம் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

வேலை முடிந்த காணியைப் பார்த்தால் கிளீன் என்று சொல்லவே மாட்டீர்கள். வெட்டின பற்றை ஒரு பக்கம், கிளறின மண் ஒரு பக்கம், பனங்குற்றி ஒரு பக்கம். ஆனால் கிளியர். மாறாக முற்றம் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்ட வளவு கிளீன். அடியில் என்ன இருக்கிறதோ தெரியாது.

போரில் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கம் 2010 அளவில் தொடங்கிய வேலை வருடக்கணக்காக இழுத்தது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான்.

21.01.2024

'சாணம் தெளித்து' என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தெளி வேறு, தெளிவின் தெளி வேறா? நாளைக்குப் பார்க்கிறேன்.

02.02.2024

நாளைக்கு என்றது பன்னிரண்டு நாள் ஆயிற்று. மழை, பிறகு காய்ச்சல்.

சாணத் தெளி கிடக்கட்டும், தண்ணீர் தெளிகிற தெளி மழையோடுதான் வருகிறது. கிணறு கலங்கிப்போய் அள்ளின தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில். எங்கள் அம்மம்மா இருந்த காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. அடுப்படி மூலையில் ஒரு பேணிக்குள் தேத்தாங்கொட்டை வைத்திருப்பா. சின்ன வட்டக் கொட்டை, தட்டையான பொத்தானைப் போல. மண்பானையின் உட்பக்கத்தில் அதை வட்டம் வட்டமாகத் தேய்ப்பா. பானையின் சொரசொரப்பில் கொட்டை கரைந்து வெள்ளைப் பசையாய் ஒட்டும். அதுக்கு மேலே கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கொட்டையின் பசை தண்ணீரில் மிதக்கிற களித் தூளையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கிவிடும். விடிய மூடியைத் திறந்தால் பானையின் அடி தெரியும்.

தேற்றா மரத்துக் கொட்டை. எட்டி மரத்தின் இனம்தான், ஆனால் அதன் நஞ்சு இதற்கு இல்லை. சங்கப் பாட்டில் அதற்கு 'இல்லம்' என்று பெயர். கலங்கிய நீர் அந்தக் கொட்டையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே சொல்லும். மட்டக்களப்புப் பக்கம் தேத்தாத்தீவு என்று ஊரே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர் என்ன தெரியுமோ? 'கிளியரிங் நட்'. கிளியர் பண்ணுகிற கொட்டை!

ஆக ஆங்கிலக் கிளியருக்கு நேர்ச்சொல் தேற்று. தண்ணீர் தேறும், நோயாளி தேறுவார், பிள்ளை பரீட்சையில் தேறும், செத்த வீட்டில் நாலு பேர் போய்த் தேறுதல் சொல்வார்கள். தேர்ச்சி என்ற சொல்லும் இதிலிருந்துதான். நான் கேட்டால் இனிமேல் படிவத்தில் 'காணி தேற்றப்பட்டது' என்று போடலாம்.

02.02.2024, பின்னேரம்

தேத்தண்ணி என்பதும் தேத்தாங்கொட்டையிலிருந்து வந்ததா என்று கேட்பவருக்கு: இல்லை. தேயிலைத் தண்ணி. வாய்க்குள் தேய்ந்து தேத்தண்ணி.

03.02.2024

காய்ச்சல் மூளையோடு எழுதினால் இதுதான் நடக்கும். தமிழ் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் காதைப் பிடித்துத் திருகியிருக்கிறா. தேர்ச்சி 'தேர்' என்பதிலிருந்து வருவது, இடையின 'ர்'. ஆராய்ந்து எடுப்பது, கைதேர்வது. தேறுதல் வல்லின 'ற'. இரண்டும் பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருப்பதால் உறவு என்று நினைத்துவிட்டேன்.

அடுத்ததாக அவ எழுதியதுதான் எனக்கு உறைத்தது. 'தேற்றினால் மண் எங்கே போகிறது?' எங்கேயும் போவதில்லை. பானையின் அடியிலேயே கிடக்கும். தண்ணீரைச் சரித்து ஊற்றும்போது கை கொஞ்சம் ஆடினால் திரும்பவும் கலங்கும். தெளிதல், தேறுதல் எல்லாம் அப்படித்தான், கலக்கியது அடங்குகிறதே ஒழிய வெளியேறுவதில்லை. ஆங்கிலக் கிளியரில் இருந்தது போயாக வேண்டும். 'காணி தேற்றப்பட்டது' என்றால் வெடி அடியில் கிடக்கிறது, மேலே பார்த்து நடவுங்கள் என்று அர்த்தம் வரும்.

அந்தப் பரிந்துரையை வாபஸ் வாங்குகிறேன்.

18.02.2024

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போர்க்காலத்தில் அரசாங்க ஆங்கிலத்தில் 'கிளியர்ட் ஏரியா', 'அன்கிளியர்ட் ஏரியா' என்று இரண்டு இருந்தன. இராணுவத்தின் கையில் இருப்பது முதலாவது, புலிகளின் கையில் இருப்பது இரண்டாவது. தமிழில் 'விடுவிக்கப்படாத பகுதி' என்று எழுதுவார்கள். வன்னியின் பெரும்பகுதி, அதாவது நாங்கள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், காதல் பண்ணி, கடன்பட்ட இடமெல்லாம், இந்தக் கணக்கில் அன்கிளியர்ட்.

2002 இல் சண்டை நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் ஓடுகிற ஏ9 வீதி திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வவுனியாப் பக்கம் போகலாம். வரிசை நகர ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது ஆங்கிலம் படிக்கிற பைத்தியம். கையில் இருந்த பழைய ஆங்கிலப் பேப்பரில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றபடியே வசனத்தைப் பிரித்துப் பார்த்தேன். கிளியர் என்பது 'இன்ன இடத்தை இன்னதிலிருந்து' என்று வருகிற வினை. மேசையைக் கோப்பைகளிலிருந்து. காணியைப் பற்றையிலிருந்து. ஏரியாவை எதிலிருந்து? அந்த இடத்தில் பேப்பர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை இருந்தது, கோப்பையைக் காணவில்லை.

எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒரு கோழியைக் கூடையில் வைத்திருந்தார், அதுவும் அன்கிளியர்ட் கோழி.

19.02.2024

எதிர்பார்த்ததுதான். இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு. பேப்பரில் அந்தச் சொல்லை எழுதினவன் ஆயுதக்காரரைத்தான் சொல்கிறான் என்று ஒரு கட்சி, இல்லை, எதிலிருந்து என்று எழுதாமல் மறைக்கிறான் என்று மற்றக் கட்சி.

நான் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு வேற்றுமை உருபில். ஆங்கிலத்தில் 'இன்னதிலிருந்து' என்று காட்டுகிற 'ஒவ்' என்ற சின்னச் சொல்லை விட்டுவிட்டாலும் வசனம் விழாது. அதனால் விட்டுவிடுகிறார்கள். எழுதினவர் மனதில் ஆயுதம் ஏந்தியவர்களே இருந்திருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கோழிக் கூடையோடு வரிசையில் நிற்கிறவன் அந்த இடைவெளியை வாசிக்கும்போது தன்னை வைத்துத்தான் வாசிப்பான். 'விடுவிக்கப்படாத' என்ற தமிழிலும் அதே ஓட்டை இருக்கிறது. யாரிடமிருந்து, யாருக்காக என்று அதுவும் சொல்லாது.

இதற்கு மேல் இந்தக் கிளையில் ஏறமாட்டேன்.

05.03.2024

வேறு கிளை. வங்கிக்காரத் தம்பி ஒருவர்: "அண்ணை, செக் கிளியர் ஆகிறது எந்தக் கிளியர்? அங்கே எதையும் துடைப்பதில்லையே."

துடைப்பது கணக்கை. 1770களில் லண்டனில் வங்கிக் கிளார்க்குகள் தெருத்தெருவாக ஒவ்வொரு வங்கிக்கும் செக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்து, ஒரு இடத்தில் கூடி அங்கேயே மாற்றி எடுக்கத் தொடங்கினார்கள். நீ எனக்கு இவ்வளவு, நான் உனக்கு இவ்வளவு, மிச்சத்தை மட்டும் தா. அதுதான் 'கிளியரிங் ஹவுஸ்'. இலங்கையில் 2006 இலிருந்து செக்குக்குப் பதில் அதன் படத்தை அனுப்பியே கணக்கு முடிக்கிறார்கள். அதே 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. கொழும்பில் செக் வெளிச்ச வேகத்தில் கிளியராக, இங்கே சீனி மூட்டை ஒன்று கிளியராகாமல் கிடந்தது.

இன்னொன்று. பழைய உரோமில் மாதத்தின் முதல் நாளைப் பூசகர் உரக்கக் கூவி அறிவிப்பார். கூவுகிற நாள் என்பதால் அது 'கலண்டே'. கடனுக்கு வட்டி கட்டுகிற நாளும் அதுதான், அதை எழுதுகிற கணக்குப் புத்தகம் 'கலண்டாரியும்'. சுவரில் தொங்குகிற கலண்டர் அந்தக் கடன் கொப்பியின் பேரப்பிள்ளை. கூவுகிற அந்த வேர்தான் கிளியரின் வேரும். கடனைக் கிளியர் பண்ண கலண்டரைப் பார்க்கிறோமே, இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

நகையை அடைவு வைத்தவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. கூவாமலே நாள் ஞாபகம் இருக்கும்.

17.03.2024

அறுவடை முடிந்து பெரியப்பா வீட்டுக்கு, விசுவமடுப் பக்கம் போயிருந்தேன். 70களில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்தவர். அந்தக் காலத்தில் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் மறித்ததால், செத்தல் மிளகாயில் மோட்டார் சைக்கிள் வாங்கின தலைமுறை.

காடாய்க் கிடந்ததை என்ன செய்தீர்கள் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். கிளியர் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"என்ன செய்யிறது, கத்தியும் கோடாலியும் தானே. கீழ்க்காட்டை வெட்டி, மரத்தைத் தறிச்சு, காயவிட்டு நெருப்பு வச்சு, வேர் கிளப்பி, ரெண்டு ஏக்கரையும் வெளியாக்கினம்."

வெளியாக்கினம். இரண்டு மாதமாகத் தேடின சொல்.

வெளி என்றால் திறந்த இடம், வயல்வெளி. மழை விட்டால் வானம் வெளிக்கும். புறப்பட்டால் வெளிக்கிடுவோம். இரகசியத்தைச் சொன்னால் வெளியாக்கிவிட்டான் என்போம். பரீட்சை முடிவு வெளியாகும். ஆங்கிலக் கிளியரும் காட்டை வெட்டும், வானத்தைத் திறக்கும், ஆட்களை வெளிக்கிடச் சொல்லும், அதன் குடும்பத்து டிக்ளேர் ஊருக்கு அறிவிக்கும். அது சத்தத்திலிருந்து இடத்துக்கு வந்தது, நம்முடையது இடத்திலிருந்து சொல்லுக்குப் போனது.

18.03.2024

ரீச்சர் உடனே: 'காணி வெளியாக்கப்பட்டுள்ளது' என்று படிவத்தில் போட்டால், காணி பேப்பரில் வந்ததா என்று கேட்பார்கள்.

கேட்பார்கள்தான். விடுங்கோ, மிதிவெடி அகற்றல் என்றே இருக்கட்டும், அது எதை என்று சொல்கிறது.

அந்த ஆச்சியின் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். திருத்தின படிவத்தைக் கொண்டுபோனபோது 'காணியிலிருந்து மிதிவெடிகள் அகற்றப்பட்டுள்ளன' என்று சரியாகவே இருந்தது. அதையும் எழுத்தெழுத்தாக வாசித்தா.

"காணி எண்டால் கிணறும் சேர்த்தியோ தம்பி?"

நான் குழுத் தலைவர் அண்ணையைப் பார்த்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார். கிணறு ஒரு சின்ன வட்டமாக இருந்தது, அதைச் சுற்றி வேலை நடந்த அடையாளம் இருந்தது, உள்ளே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் படிவத்தைத் திருப்பி வாங்கி மடித்து வைத்தார்.

அடுத்த கிழமை ஆட்கள் வந்து பார்த்து, தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தையும் கொண்டுவந்து இறைத்தார்கள். வெடி ஒன்றும் இல்லை. ஒரு துருப்பிடித்த கப்பி, நெளிந்த இரண்டு அலுமினியக் குடம், கிணற்றுக் கட்டிலிருந்து விழுந்த கல். தண்ணீர் ஊறியது, ஆனால் களியாக. மூன்று நாளாகியும் தெளியவில்லை. ஆச்சி கிளிநொச்சிச் சந்தைக்கு ஆள் அனுப்பி, நாட்டுமருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை வாங்குவித்தா.

நாலாம் நாள் கையெழுத்து வாங்கப் போனோம். அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.